ஒருவழிப் பாதையிலும் இருபுறம் பார்க்கக் கற்பிப்போம்

கடந்த கல்வியாண்டில் எங்கள் பள்ளியின் 7-ஆம் வகுப்பு மாணவர்களைப் புதுச்சேரிக்குக் களப்பயணமாக அழைத்துச் சென்றோம். கடற்கரையைப் பார்த்துவிட்டுப் பேருந்து நின்ற இடத்துக்குத் திரும்பும்போது ஒரு தெருவைக் கடக்க வேண்டியிருந்தது. வரிசையின் முன்னால் நின்ற மாணவி வலப்பக்கம் பார்த்தாள். ஒரு வண்டியும் இல்லை. காலை எடுத்து வைத்தாள். அதே நொடியில் இடப்பக்கத்திலிருந்து ஓர் ஆட்டோ விரைந்து வந்தது. அருகில் இருந்த ஆசிரியை அவள் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்ததால் ஒன்றும் ஆகவில்லை.

"நான் வலப்பக்கம் பார்த்தேனே சார்" என்று அழுதாள். அவள் சொன்னது உண்மைதான். "முதலில் வலது, பிறகு இடது, மீண்டும் வலது, முதல் பாதியில் வலப்பக்கத்திலிருந்துதான் வண்டி வரும்" என்று வகுப்பில் விளக்கியவன் நான். அந்தத் தெருவோ ஒருவழிப் பாதை. எல்லா வண்டிகளும் இடப்பக்கத்திலிருந்தே வந்துகொண்டிருந்தன. ஒருவழிப் பாதையைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.

விதியின் காரணமும் வரம்பும்

நம் நாட்டில் வாகனங்கள் சாலையின் இடப்பக்கமாகச் செல்கின்றன. எனவே இருவழிச் சாலையின் ஓரத்தில் நிற்பவருக்கு, அருகில் உள்ள பாதியில் வலப்பக்கத்திலிருந்தும், அடுத்த பாதியில் இடப்பக்கத்திலிருந்தும் வண்டிகள் வரும். நாம் கற்பிக்கும் விதி இதற்குப் பொருத்தமானது. ஒருவழிப் பாதையில் இந்தப் பாதிக் கணக்கு செல்லாது. சாலையின் முழு அகலத்திலும் வண்டிகள் ஒரே பக்கத்திலிருந்து வரும். அது வலமா, இடமா என்பது நாம் எந்த ஓரத்தில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது.

கிராமத்துக் குழந்தைகளுக்கு இது புதிய அனுபவம். புதுச்சேரியின் பழைய நகரப் பகுதியில் தெருக்கள் சதுரங்கக் கட்டம் போல ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. அவற்றில் பல ஒருவழிப் பாதைகள். ஒரு தெருவைக் கடந்து அடுத்த தெருவுக்குப் போனால் வண்டிகள் வரும் திசை மாறிவிடலாம்.

நன்மை உண்டு, ஆபத்தும் உண்டு

நெரிசல் மிகுந்த நகர மையங்களில் ஒருவழிப் பாதைகள் காரணமின்றி அமைக்கப்படுவதில்லை. நேருக்கு நேர் மோதல் குறைகிறது. இருவழிச் சாலைகள் இரண்டு சந்திக்கும் நாற்சந்தியில் வாகனங்கள் ஒன்றோடொன்று மோதக்கூடிய புள்ளிகள் 32 என்பது போக்குவரத்துப் பொறியியல் கணக்கு. இரு சாலைகளும் ஒருவழியானால் அவை மிகச் சிலவாகக் குறைந்துவிடும். சென்னை அண்ணா சாலையில் மெட்ரோ ரயில் பணி நடந்தபோது அதன் ஒரு பகுதி ஒருவழியாக்கப்பட்டதும் நெரிசலைச் சமாளிக்கத்தான்.

ஆனால் வாகன ஓட்டிக்குக் கிடைக்கும் வசதி நடந்து செல்பவருக்கு ஆபத்தாக மாறக்கூடும். எதிரே வண்டி வராது என்ற நம்பிக்கையில் வேகம் கூடுகிறது. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் சுமார் 8 மீட்டர் நகரும்; 50 கி.மீ. வேகத்தில் சுமார் 14 மீட்டர். பிரேக் பிடித்த பின் வண்டி ஓடும் தூரம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். அதாவது 30-லிருந்து 50-க்கு வேகம் உயர்ந்தால் அத்தூரம் ஏறத்தாழ 2.8 மடங்காகிவிடும்.

இரண்டாவது ஆபத்து, வண்டிகள் ஒரே திசையில் பக்கம் பக்கமாக வருவது. பேருந்து ஓட்டுநர் நின்று வழிவிடுகிறார். குழந்தை நன்றியோடு ஓடுகிறது. பேருந்தை ஒட்டி வரும் பைக்காரருக்கு அந்தக் குழந்தை கண்ணில் படாது. நடுத்திட்டு இல்லாததால் பாதியில் நின்று மூச்சுவிடவும் இடமில்லை. ஒரே மூச்சில் முழுச் சாலையையும் கடந்தாக வேண்டும்.

கனடாவின் ஹாமில்டன் நகரில் 1978 முதல் 1994 வரை நடந்த விபத்துகளை ஆராய்ந்து 2000-இல் வெளியான ஓர் ஆய்வு, இருவழித் தெருக்களைவிட ஒருவழித் தெருக்களில் நடந்து செல்லும் குழந்தைகள் காயமடையும் வீதம் 2.5 மடங்கு இருந்ததாகக் கூறுகிறது. நம் நகரங்களின் சூழல் வேறு. ஆயினும் ஒருவழி என்பதாலேயே ஒரு தெரு குழந்தைகளுக்குப் பாதுகாப்பானதாகிவிடாது என்பதற்கு இது நல்ல எச்சரிக்கை.

எதிர்த்திசையில் வருபவர்கள்

மூன்றாவது ஆபத்தை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். சுற்றிப் போகச் சோம்பல்பட்டு ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் நுழையும் இரு சக்கர வாகனங்கள்! வண்டிகள் வரும் பக்கத்தை மட்டும் சரியாகப் பார்த்துக் கடக்கும் குழந்தையைக்கூட இவை வீழ்த்திவிடும். ஆகவேதான் ஒருவழிப் பாதையிலும் இருபுறமும் பார்க்க வேண்டும் என்கிறோம். அம்புக்குறிப் பலகை வாகன ஓட்டிக்கு இடப்பட்ட கட்டளை. நடப்பவருக்குத் தரப்பட்ட உத்தரவாதம் அன்று.

2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அனுமதிக்கப்பட்ட திசைக்கு எதிராக ஓட்டுவது 184-ஆம் பிரிவின்கீழ் ஆபத்தாக வாகனம் ஓட்டும் குற்றத்தில் அடங்கும். 199-ஏ பிரிவின்படி, சிறார் ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோர் அல்லது வாகன உரிமையாளருக்கு 3 ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். அந்தச் சிறார் 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் பெற முடியாது. பெற்றோர் கூட்டங்களில் இதை எடுத்துச் சொல்வது நம் கடமை.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

தொடக்க வகுப்புகளில் பள்ளி முற்றத்தில் சுண்ணக்கட்டியால் ஓர் இருவழிச் சாலையும் ஓர் ஒருவழிச் சாலையும் வரையலாம். சில மாணவர்கள் வாகனங்களாக வரட்டும். மற்றவர்கள் இரண்டு ஓரங்களிலிருந்தும் கடந்து பழகட்டும். இடையிடையே ஒருவரை மட்டும் எதிர்த்திசையில் அனுப்புங்கள். "நில், இருபுறமும் பார், எல்லா வண்டிகளும் நின்றனவா என்று பார், ஓடாமல் நட" என்ற நான்கும் விளையாட்டிலேயே மனத்தில் பதிந்துவிடும்.

உயர்நிலை வகுப்புகளில் இதையே கணக்காக்கலாம். 7 மீட்டர் அகலச் சாலையை நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் கடக்க ஏறத்தாழ 6 நொடி ஆகும். அதற்குள் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி சுமார் 67 மீட்டர் வந்துவிடும். அந்தத் தூரத்தைப் பள்ளி மைதானத்தில் அளந்து காட்டினால், 'வண்டி தொலைவில்தான் வருகிறது' என்ற எண்ணம் மாறும். இன்னொரு கணக்கும் தரலாம்: 400 மீட்டர் சுற்றிப் போக, மணிக்கு 24 கி.மீ. வேகத்தில் எவ்வளவு நேரம் ஆகும்? விடை ஒரு நிமிடம். எதிர்த்திசையில் நுழைபவர் மிச்சப்படுத்துவது அவ்வளவுதான்.

நம் பகுதிக்கு இது மேலும் தேவைப்படுகிறது. 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. மேல்மலையனூர் அமாவாசைக்கும் திருவண்ணாமலை தீபத்துக்கும் பெருங்கூட்டம் திரள்கிறது. இத்தகைய கூட்ட நாட்களில் தடுப்புகள் வைத்து ஒரு சாலையைத் தற்காலிகமாக ஒருவழியாக்குவதும் உண்டு. நேற்று இருபுறமும் வண்டி ஓடிய சாலை இன்று வேறு விதமாக இருக்கும் என்பதைக் குழந்தைகள் அறிந்திருக்க வேண்டும்.

இந்த ஆண்டு களப்பயணத்துக்கு முதல் நாள், முற்றத்தில் சாலை வரைந்து அரை மணி நேரம் பயிற்சி அளித்தோம். எதிர்த்திசையில் வரும் பைக்காக நடித்தவள், சென்ற ஆண்டு அழுத அதே மாணவிதான். உங்கள் பள்ளியிலும் அடுத்த பயணத்துக்கு முன் அந்த அரை மணி நேரத்தை ஒதுக்குங்கள்.