கணினியில் பதிவேடு எழுதுவோர் கவனத்துக்கு

புனே நகருக்குத் தென்மேற்கே, முட்டா நதியின் குறுக்கே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுப்பப்பட்டது கடக்வாஸ்லா அணை. அதனருகே மத்திய நீர், மின்விசை ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ளது. 1916-ஆம் ஆண்டில் பம்பாய் மாகாண அரசாங்கத்தின் பாசனப் பிரிவாகத் தோன்றிய இந்நிலையம், 1936-இல் இந்திய அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தது. ஆறு, அணை, துறைமுகம் ஆகியவற்றின் சிறு மாதிரிகளை அமைத்து நீரோட்டத்தின் இயல்பை ஆராய்வது இதன் முக்கியப் பணியாகும். கணினியில் அமைக்கப்படும் கணித மாதிரிகளும் இன்று இப்பணிக்குத் துணை புரிகின்றன.

எந்த மாதிரியாயினும், அதன் மதிப்பு ஆற்றங்கரையில் எடுக்கப்பட்ட அளவுகளின் செம்மையைப் பொறுத்தே அமையும். மழைமானியைப் பார்ப்பவரும் நீர்மட்ட அளவுகோலைப் படிப்பவரும் எழுதும் எண்களே ஆராய்ச்சிக்கு அடிப்படை. 1995 முதல் 2003 வரை நடைபெற்ற நீரியல் திட்டத்தின் முதற் கட்டத்தில், தமிழ்நாடு உள்ளிட்ட தீபகற்ப இந்திய மாநிலங்களின் நீர்ப் பதிவுகள் காகிதத்திலிருந்து கணினிக்குக் கொண்டுவரப்பட்டன. இன்று மழையளவு பதியும் களப் பணியாளரும் மதிப்பெண் பதியும் ஆசிரியரும் எக்ஸெல் போன்ற விரிதாள் மென்பொருளையே பெரிதும் கையாளுகின்றனர். அதனைப் பயன்படுத்துங்கால் மனத்திற் கொள்ளவேண்டிய சில எளிய குறிப்புகளை இங்குக் காண்போம்.

தேதி மாறும் விந்தை

1961-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் தேதி பான்ஷேத் அணை உடைந்தது. அவ்வெள்ளத்தின் வேகத்தால் கடக்வாஸ்லா அணையும் பிளந்து, புனே நகரம் நீரில் மூழ்கியது. அந்நாளைக் காகிதத்தில் ‘12-7-61’ என்று எழுதினால் நம் நாட்டில் எவருக்கும் ஐயம் எழாது. ஆனால், அமெரிக்க முறைப்படி அமைக்கப்பட்ட கணினியில் அதனையே பதிந்தால், அது டிசம்பர் 7 என்று எடுத்துக்கொள்ளும். அந்நாட்டில் மாதத்தை முன்னும் நாளைப் பின்னும் எழுதுவது வழக்கம். மழைக்கால வெள்ளம் ஒன்று இவ்வாறு குளிர்காலத்துக்குச் சென்றுவிடுகிறது! கணினியோ எச்சரிக்கை எதுவும் தருவதில்லை.

ஜூலை மாதம் முழுவதையும் பதிகிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதல் பன்னிரண்டு தேதிகளுள் ஏழாம் தேதி மட்டுமே பிழையின்றித் தப்பும். 13-ஆம் தேதி முதல், பதின்மூன்றாம் மாதம் என ஒன்று இல்லாமையால், கணினி அவற்றைத் தேதியாகவே கருதாமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். இதனைக் கண்டறிய எளிய வழியொன்று உண்டு. நாமாக மாற்றியமைக்காதவரையில், தேதியாக ஏற்கப்பட்டவை கட்டத்தின் வலப்புறமும் எழுத்தாகக் கொள்ளப்பட்டவை இடப்புறமும் ஒதுங்கி நிற்கும். ஒரே பத்தியில் சில வலத்திலும் சில இடத்திலும் நின்றால் உடனே நிறுத்திச் சோதித்தல் வேண்டும்.

ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் ‘1961-07-12’ எனப் பதிவதே இதற்குப் பரிகாரம். ஆண்டை நான்கு இலக்கங்களிலும் எழுதுதல் வேண்டும். ‘16’ என்று மட்டும் பதிந்தால் கணினி 1916 என்று கொள்ளாது, 2016 என்றே கொள்ளும். மேலும், 1900-ஆம் ஆண்டுக்கு முற்பட்ட நாட்களை எக்ஸெல் தேதியாக ஏற்பதில்லை. பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுவோர் நாள், மாதம், ஆண்டு ஆகியவற்றை மூன்று தனிப் பத்திகளில் எழுதுவது நலம்.

தேதியல்லாதவற்றையும் தேதியாக்கும் இயல்பு இம்மென்பொருளுக்கு உண்டு. ‘6-2’ என்னும் வகுப்புப் பிரிவும் ‘1/2’ என்னும் பின்னமும் இவ்வாறே மாறிவிடும். பின்னத்தை எழுதுமுன் ஒரு சுழியமும் ஓர் இடைவெளியும் இட்டால் அது பின்னமாகவே நிற்கும். இவ்வியல்பினால் விளைந்த தொல்லை காரணமாக, மனித மரபணுக்கள் சிலவற்றின் பெயர்களையே விஞ்ஞானிகள் 2020-ஆம் ஆண்டில் மாற்ற நேர்ந்தது.

எண் போல் தோன்றும் பெயர்கள்

நிலைய எண், மாணவர் பதிவெண், வங்கிக் கணக்கு எண் ஆகியவை கூட்டுவதற்கோ கழிப்பதற்கோ உரியவையல்ல. அவை ஒருவகைப் பெயர்களே. ‘0047’ என்று பதிந்தால் கணினி முன்னிற்கும் சுழியங்களை நீக்கி ‘47’ என்று வைக்கும். எக்ஸெல் ஓர் எண்ணில் பதினைந்து இலக்கங்களையே காப்பதால், பதினாறு இலக்க எண்ணின் கடைசி இலக்கம் சுழியமாகிவிடும். ஆகவே, இத்தகைய பத்திகளைப் பதிவு தொடங்குமுன்னரே ‘டெக்ஸ்ட்’ என்னும் எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிடுதல் வேண்டும். ஓரிரு கட்டங்களே எனின், எண்ணுக்கு முன் ஒற்றை மேற்கோள் குறி இட்டாலும் போதும்.

சுழியமும் வெற்றிடமும்

மழை பெய்யாத நாள் வேறு. மழை அளக்கப்படாத நாள் வேறு. முன்னதற்குச் சுழியம் இடவேண்டும். பின்னதை வெற்றிடமாக விட்டு, காரணத்தை அடுத்த பத்தியில் குறிக்கவேண்டும். ஐந்து நாட்களில் மழை முறையே 12, 0, அளக்கப்படவில்லை, 8, 20 மில்லிமீட்டர் என்று கொள்வோம். மூன்றாம் நாளை வெற்றிடமாக விட்டால் சராசரி 10 மில்லிமீட்டர். அங்குச் சுழியம் இட்டால் 8 மில்லிமீட்டர். அளக்கத் தவறியதைச் சுழியமாக எழுதுவது, இல்லாத வறட்சியை உண்டாக்குவதாகும். தேர்வுக்கு வராத மாணவருக்கும் சுழியம் பெற்ற மாணவருக்கும் உள்ள வேறுபாடும் இத்தகையதே.

அலகைப் பத்தியின் தலைப்பில் எழுதுக. எண்ணுடன் சேர்த்து எழுதற்க. ‘12 மி.மீ.’ என்று கட்டத்துக்குள் எழுதினால் கணினி அதனை எண்ணாகக் கருதாது; கூட்டுத் தொகையில் அது விடுபட்டுப்போகும். பழைய பதிவேடுகளில் மழை அங்குலத்தில் இருப்பின், ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர் என்ற கணக்கில் மாற்றி, மூல எண்ணையும் அருகே விட்டுவைத்தல் நன்று.

வரிசைப்படுத்துமுன்

ஒரு பத்தியை மட்டும் தேர்ந்து வரிசைப்படுத்தினால், அதிலுள்ள எண்கள் இடம் மாறும். பக்கத்துப் பத்திகள் மாறா. ஒரு மாணவரின் மதிப்பெண் மற்றொரு மாணவரின் பெயருக்கு நேரே போய் அமர்ந்துவிடும். மொத்தத் தொகை சரியாகவே இருக்குமாதலால், இப்பிழை எளிதில் புலப்படாது. எனவே, அட்டவணை முழுவதையும் தேர்ந்த பின்னரே வரிசைப்படுத்துதல் வேண்டும். தொடக்கத்திலேயே முதற் பத்தியில் தொடர் எண்களை எழுதி வைத்தால், எந்நேரத்திலும் பழைய ஒழுங்குக்குத் திரும்பலாம். தவறு நேர்ந்த உடனே கன்ட்ரோல் விசையுடன் ‘இஸட்’ எழுத்தை அழுத்தினால் முந்தைய நிலை மீளும்.

கோப்பைக் காத்தல்

கோப்பின் வடிவத்திலும் கவனம் தேவை. 2020-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறையில், 65,536 வரிசைகளுக்கு மேல் கொள்ளாத பழைய எக்ஸெல் வடிவம் பயன்படுத்தப்பட்டதால், 15,841 கொரோனா நோயாளிகளின் விவரங்கள் உரிய நாட்களில் கணக்கில் சேராமற் போயின. அவர்களுடன் பழகியோரைத் தேடும் பணியும் தாமதப்பட்டது. கோப்பை மாற்றும்போதெல்லாம், முன்னும் பின்னும் வரிசைகளை எண்ணிப் பார்ப்பது இத்தகைய இழப்பைத் தடுக்கும். தமிழ்ப் பெயர்கள் உள்ள கோப்பைச் ‘சி.எஸ்.வி.’ வடிவில் சேமிப்போர், ‘யு.டி.எஃப்.-8’ என்ற வகையையே தேர்ந்தெடுத்தல் வேண்டும். இல்லையேல் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும்.

முதலிற் பதிந்த கோப்பை அப்படியே வைத்துவிட்டு, அதன் பிரதியிலேயே திருத்தங்களைச் செய்க. மற்றொரு பிரதி வேறு இடத்தில் இருக்கட்டும். கோப்பின் பெயரை ‘2024-07-12’ என்றாற்போல் ஆண்டை முன்னிட்டுத் தொடங்கினால், கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். கன்ட்ரோல் விசையுடன் ‘எஸ்’ எழுத்தை அழுத்திச் சேமிக்கும் பழக்கம், மின்தடை மிகுந்த ஊர்களில் பெரிதும் உதவும்.

கணினியில் ஏற்றிய பின்னரும் மூலக் காகிதத்தை அழித்துவிடலாகாது. ஐயம் தோன்றுங்கால் இறுதிச் சாட்சி அதுவே. ஆய்வுக்கூடத்தில் செய்த சோதனையை மீண்டும் செய்துபார்க்கலாம். ஓர் ஆண்டில் பெய்த மழையை மீண்டும் பெய்விக்க எவராலும் இயலாது. நள்ளிரவில் விளக்குடன் ஆற்றங்கரைக்குச் சென்று நீர்மட்டத்தைப் படித்துவந்த பணியாளரின் உழைப்பு, ஒரு தேதியின் பிழையால் வீணாகாமற் காப்பது, அதனைக் கணினியில் பதிவோரின் கடமையாகும்.