வலிப்பை நிறுத்துவது இரும்பு அல்ல

பேருந்து நிலையத்திலோ கல்யாண மண்டபத்திலோ ஒருவர் திடீரென்று சாய்ந்து கைகால் வெட்டி இழுத்தால், சுற்றி நிற்பவர்கள் முதலில் தேடுவது இரும்பை. சாவிக்கொத்து, கம்பி, எது அகப்பட்டாலும் கையில் திணிப்பார்கள். ஓரிரு நிமிடத்தில் இழுப்பு அடங்கும். பெயர் சாவிக்குப் போகும். சாவி இல்லாவிட்டாலும் அது அப்போதே அடங்கியிருக்கும். பெரும்பாலான வலிப்புகள் மூன்று நிமிடத்துக்குள் தாமாக நின்றுவிடும். நிறுத்துவது மூளைதான்.

தூண்டலும் அடக்கலும்

நம் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. ஓய்வில் இருக்கும் நரம்பணுவின் உட்புறம், வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் குறைவான மின்னழுத்தத்தில் இருக்கும். சோடியம் அயனிகள் உள்ளே பாய்ந்ததும் அந்த நிலை நொடிப்பொழுதில் தலைகீழாகி, மின்துடிப்பு கிளம்புகிறது. அடுத்த அணுவைத் தூண்டும் முக்கிய வேதிப்பொருள் குளூட்டமேட்; அடக்குவது காபா. பிறக்கும்போது மூச்சுத்திணறல், தலைக்காயம், பக்கவாதம், நாடாப்புழுவின் இளம்பருவக் கட்டி, மரபணு மாற்றம் என ஏதோ ஒன்று இந்தச் சமநிலையைக் குலைத்தால், ஏராளமான நரம்பணுக்கள் ஒரே நேரத்தில் கட்டுமீறித் துடிக்கின்றன. அதுதான் வலிப்பு.

துடிப்பு எந்த இடத்தில் எழுகிறதோ அதற்கேற்ப அறிகுறி மாறும். கையை இயக்கும் பகுதியில் எழுந்தால் கை மட்டும் வெட்டும். பொட்டுப் பகுதியில் எழுந்தால் இல்லாத வாடை வீசும், காரணமில்லாமல் திகில் கவ்வும். சில குழந்தைகள் விழாமல், இழுக்காமல், சில விநாடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு மீள்வார்கள். கவனமில்லை என்று வகுப்பில் திட்டு வாங்கும் அந்தக் குழந்தைக்கு வந்ததும் வலிப்பாக இருக்கலாம். ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924இல் முதன்முதலாகப் பதிவு செய்த மனித மூளை மின்னலைகள், இன்று ஈ.ஈ.ஜி. பரிசோதனையாக இதைக் காட்டிக்கொடுக்கின்றன. இத்தகைய குழந்தைகளிடம் விநாடிக்கு மூன்று முறை கூர்முனை அலைகள் எழும்.

மூளையின் பிரேக்

கட்டுமீறித் துடிக்கும் நரம்பணுக்கள் ஆற்றலை வாரி இறைக்கின்றன. அப்போது ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறு சிதைந்து அடினோசின் சேர்கிறது. நாள் முழுக்க விழித்திருந்தால் தூக்கத்தை வரவழைப்பதும் இதே அடினோசின்தான். அது குளூட்டமேட் வெளிப்படுவதைக் குறைக்கிறது. திசுவில் அமிலத்தன்மை கூடுவதும் துடிப்பைத் தளர்த்துகிறது. பிரேக் விழுகிறது.

சிலவேளை அது விழாது. வலிப்பு நீளநீள, காபாவை ஏற்கும் புரதங்கள் அணுவின் பரப்பிலிருந்து உள்ளே இழுக்கப்பட்டுவிடும். பிறகு, காபாவின் வழியாக வேலை செய்யும் லோராசிபாம், மிடசோலம் போன்ற அவசர ஊசிகளும் வலுவிழக்கும். ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே 108ஐ அழைக்கச் சொல்வது இதனால்தான்.

அதுவரை செய்ய வேண்டியது எளிது. கடிகாரத்தைப் பாருங்கள். தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வையுங்கள். கூர்மையான பொருள்களை அகற்றுங்கள். இழுப்பு தளர்ந்ததும் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கைகாலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். பல் உடையும், மூச்சு அடைபடும். முழு நினைவு திரும்பும்வரை தண்ணீரும் வேண்டாம்.

மாத்திரை செய்யும் வேலை

1938இல் அமெரிக்க மருத்துவர்கள் மெரிட்டும் பட்னமும் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த ஃபெனிட்டாயின், மிதமிஞ்சித் துடிக்கும் நரம்பணுவின் சோடியம் வாயில்களை அடைக்கிறது. இயல்பான துடிப்பை அவ்வளவாகத் தொடுவதில்லை. 1912 முதல் புழங்கும் ஃபீனோபார்பிட்டால் காபாவுக்கு வலுச்சேர்க்கிறது. உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. முறையான சிகிச்சை கிடைத்தால் அவர்களில் 70 சதவீதம்வரை வலிப்பின்றி வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் கொஞ்ச நாள் வரவில்லையே என்று மாத்திரையைத் தாமாக நிறுத்துவது ஆபத்து. அடக்கிவைத்த துடிப்பு முன்னிலும் மோசமாகக் கிளம்பலாம். குறைப்பதையும் நிறுத்துவதையும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

வலிப்பு சாமி குற்றம் அல்ல, தொற்றும் நோயும் அல்ல. இந்து திருமணச் சட்டத்தில் மணம் புரியத் தடையாக இருந்த வலிப்பு, 1999இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் பெண் வீட்டார் இன்னும் மறைக்கிறார்கள். பெண்ணும் ஒளித்து ஒளித்து மாத்திரை விழுங்கி, ஒருநாள் நிறுத்திவிடுகிறாள். அந்தப் பயத்தைப் போக்கினால், பல வலிப்புகள் வராமலே போகும்.