நாய் பூனைகளின் கண் நோய்கள்

கிராமங்களில் காவலுக்கு நாயும், களஞ்சியத்து நெல்லை எலிகளினின்று காக்கப் பூனையும் இன்றியமையாதவை. இவற்றின் கண்ணுக்கு நேரும் கேடுகளிற் சில மாட்டுக்கு நேருவனவற்றினின்றும் வேறானவை. இதன் காரணத்தை அறிந்தால், எந்நோய்க்குச் சிறிதும் தாமதம் கூடாது என்பது விளங்கும்.

கண்குழியின் அமைப்பு

மாடு, குதிரை ஆகியவற்றின் கண்ணைச் சுற்றி எலும்பு முழு வளையமாக அமைந்துள்ளது. நாய்க்கும் பூனைக்கும் அவ்வளையம் முழுமையன்று. அதன் வெளிப்புறத்தை ஒரு நார் மட்டுமே இணைக்கிறது. கண்குழியின் அடித்தளமும் பெரும்பாலும் மெல்லிய தசையே. அதன் கீழே மேல்தாடைக் கடைவாய்ப் பற்களின் வேர்கள் இருக்கின்றன.

விழி பிதுங்குதல்

சென்னையில் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு முதலிய பகுதிகளில் பக், ஷிட்சு போன்ற சப்பை மூக்கு நாய்களைப் பலர் வளர்க்கின்றனர். அவ்வகைக் குட்டிகள் கிராமங்களுக்கும் வந்துவிட்டன. இவற்றின் கண்குழி ஆழமற்றது. பிற நாயின் கடியாலோ, பிடரித்தோலை இறுகப் பிடித்து இழுப்பதாலோ விழி இமைக்கு வெளியே வந்துவிடக்கூடும். இராசபாளையம், சிப்பிப்பாறை போன்ற நீள்முக நாய்களுக்கும் பூனைகளுக்கும் இது எளிதில் நேராது. நேர்ந்தால் தலையில் பலத்த அடி பட்டிருக்கும் என்று கொள்ள வேண்டும்.

அவ்வேளை விழியை உள்ளே தள்ள முயலலாகாது. காய்ச்சி ஆறிய நீர் அரை லிட்டரில் சுமார் 5 கிராம் உப்பைக் கரைத்து, அதில் நனைத்த தூய துணியால் விழியை மூடி, உலராமல் காக்க வேண்டும். காலால் பிறாண்டாதபடி தடுத்து, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். விழி உலர உலரப் பார்வை மீளும் வாய்ப்பு குறையும்.

கண்ணின் பின்புறச் சீழ்க்கட்டி

ஒரு கண் மட்டும் முன்தள்ளி, நாய் உணவருகே சென்றும் உண்ணாமல், வாயைத் திறக்கையில் வலியால் கத்துமாயின், கண்ணின் பின்னே சீழ்க்கட்டி உண்டாயிருக்கலாம். வாயைத் திறக்கும்போது கீழ்த்தாடை எலும்பின் நுனி அக்கட்டியை அழுத்துவதே வலிக்குக் காரணம். சொத்தைப் பல்லின் வேரிலிருந்தோ, வாயிற் குத்திய குச்சி, எலும்புத் துண்டு ஆகியவற்றிலிருந்தோ இது தோன்றும். கண்ணுக்கு மருந்திடுவதால் மட்டும் தீராது. சீழை வெளியேற்றி, கெட்ட பல்லையும் அகற்ற வேண்டும்.

வேறு நோய்கள்

உண்ணிகளால் பரவும் காய்ச்சலில் நாயின் கண்ணுள் இரத்தம் கசிந்து பார்வை கெடுவதுண்டு. ஆகவே உண்ணியை ஒழிப்பதும் கண்ணைக் காப்பதாகும்.

பூனைக்கு டாரின் என்னும் சத்து உணவினின்றே கிடைக்க வேண்டும். அது குறைந்தால் விழித்திரை அழியும் என்பது 1975-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. எலி பிடித்துத் தின்னும் பூனைக்கு இக்குறை நேர்வதரிது. மாடி வீட்டில் அடைபட்டுத் தயிர்ச்சோறு மட்டும் உண்ணும் பூனைக்கு நேரக்கூடும். இழந்த பார்வை மீளாது. ஆதலால் மீனோ இறைச்சியோ, பூனைக்கென்றே தயாரித்த தீனியோ கொடுத்தல் வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

பச்சிலைச் சாறு, தாய்ப்பால், மனிதருக்கு எழுதிக் கொடுத்த சொட்டு மருந்து ஆகியவற்றை விடலாகாது. கருவிழியில் புண் இருக்கையில் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து விட்டால் புண் ஆழ்ந்து விழியே துளைபடக்கூடும். கண்ணை மூடியே வைத்திருத்தல், நீர் வடிதல், கருவிழி வெளுத்தல் ஆகிய மூன்றில் ஒன்று காணினும் அன்றே மருத்துவரிடம் காட்டுக.

ஊரிலுள்ள கால்நடை மருந்தகத்தில் முதற் சிகிச்சை பெறலாம். அறுவை வேண்டுமாயின், வேப்பேரியில் 1903-இல் தொடங்கப்பெற்ற சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையை நாடலாம். இவ்விவரங்களைக் கிராம அதிகாரிகள் குடிகளுக்கு எடுத்துரைப்பின், வாயில்லாப் பிராணிகள் பல குருடாகாமற் காக்கப்படும்.