ஈயமில்லாப் பெட்ரோலும் பழைய இஞ்சின்களும்

ஈயங் கலந்த பெட்ரோல் விற்பனை இந்தியா முழுவதிலும் 2000-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 1-ந் தேதி முதல் நின்றுவிட்டது. அதற்கு முன் செய்யப்பட்ட கார், டிராக்டர் முதலியவற்றை வைத்திருக்கும் நிலமுடையோர் சிலர், இப்போதைய பெட்ரோலால் இஞ்சின் கெட்டுவிடும் என்று அஞ்சுகின்றனர். அவ்வச்சம் முற்றிலும் பொய்யன்று. ஆயினும் எல்லா இஞ்சின்களுக்கும் அது பொருந்தாது.

அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர் 1921-ஆம் வருஷத்தில், டெட்ரா எதில் ஈயம் என்னும் பொருளைச் சிறிது கலந்தால் இஞ்சினில் தட்டும் ஓசை அடங்குவதைக் கண்டார். ஈயத்தால் மற்றொரு பயனும் இருந்தது. அது எரிந்தபின் எஞ்சும் உப்பு, புகை வெளியேறும் வால்வுக்கும் அது அமரும் சீட்டுக்கும் இடையே மெல்லிய பூச்சாகப் படிந்து அவற்றைக் காத்துவந்தது.

அப்பூச்சு இல்லாதபோது, செந்தணலாகக் காய்ந்த வால்வு மிருதுவான வார்ப்பிரும்புச் சீட்டில் அமருந்தோறும் அணுவளவாக ஒட்டிப் பிய்கின்றது. பிய்ந்த துகள்கள் அரம்போல் சீட்டை அராவுகின்றன. சீட்டு தேயத்தேய வால்வு உட்புகுந்து, டாப்பெட் இடைவெளி குறைகின்றது. முடிவில் வால்வு முற்றும் மூடாமல் நெருப்புக் காற்று கசிந்து வால்வே கருகிவிடும். வண்டியின் இழுவை குறைவதும், கிளப்புவது கடினமாவதும் இதன் குறிகள்.

1985-ஆம் வருஷத்து அமெரிக்க விவசாயச் சட்டத்தின்படி, அந்நாட்டு விவசாய இலாகாவும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிலையமும் பண்ணை இஞ்சின்களை இவ்விஷயமாகச் சோதித்தன. மெதுவாகச் சுழலும் இஞ்சின்களுக்குக் கேடு சொற்பமே. மிருதுவான சீட்டுடன் அதிக வேகத்திலும் பளுவிலும் உழைப்பவையே விரைவில் தேய்ந்தன. கடின எஃகு வளையம் பதித்த இஞ்சின்களுக்கு அச்சம் வேண்டுவதில்லை. அம்பாஸிடர் காரின் பழைய பெட்ரோல் இஞ்சின், வார்ப்பிரும்புத் தலையிலேயே சீட்டு வெட்டப்பட்ட இனத்தைச் சேர்ந்தது. அதை நெடுந்தூரம் விரைந்து ஓட்டுதல் ஆகாது.

சீட்டு தேய்கிறதா என்று அறிய எளிய வழி உண்டு. டாப்பெட் இடைவெளியைப் பீலர் கேஜால் அளந்து, தேதியையும் ஓடிய தூரத்தையும் ஒரு நோட்டில் குறித்து வரவேண்டும். சரிப்படுத்திய இடைவெளி ஒவ்வொரு தடவையும் குறைந்தே காணப்பட்டால் சீட்டு இறங்குகிறதென்று கொள்ளலாம். அங்ஙனம் காணாதவரை, பிறர் சொல் கேட்டு இஞ்சினைப் பிரிப்பது வீண் செலவு. வேறு காரணத்தால் ஹெட்டைக் கழற்றும்போது, புகை வால்வுகளுக்குக் கடின வளையம் பதித்துவிட்டால் இத்தொல்லை தீரும். அதுவரை, சீட்டைக் காக்கும் கலவை மருந்து ஊற்றுவோர் ஒரே வகையையே உபயோகிக்க வேண்டும். இரண்டு வகைகளைக் கலத்தல் தவறு. தட்டும் ஓசை கேட்டால் பற்றவைக்கும் நேரத்தைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி வைத்தல் வேண்டும்.

ஈயமுள்ள விமானப் பெட்ரோலைத் தேடிப்பிடித்து ஊற்றுவது கூடவே கூடாது. ஈயப் புகை வீட்டு முற்றத்திலும் மண்ணிலும் படிந்து, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். தேய்ந்த சீட்டைப் பட்டறையில் மாற்றிக்கொள்ளலாம். குழந்தைக்கு நேர்ந்த அக்கேட்டை மாற்ற வழியில்லை.