மூக்கை அளந்த துரை

"மானிடவியல், மானிடவியல் என்கிறார்களே, அது என்ன அண்ணே?" என்று கேட்டார் கருவடிக்குப்பத்துத் தோழர் ஒருவர். மனிதனை ஆராயும் இயல் என்று சொல்லிவிட்டால் போதுமா? ஆராய்ந்தவர் யார், ஆராயப்பட்டவர் யார் என்று சொல்ல வேண்டாமா?

கருவடிக்குப்பம் பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்த காலம். எல்லைக்கு அப்பால், பிரிட்டிஷாரின் சென்னை மாகாணத்திலே, எட்கர் தர்ஸ்டன் என்றொரு துரை இருந்தார். மருத்துவம் படித்தவர், 1885-இல் சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பேற்றவர். மன்னார் வளைகுடாவின் முத்துக் குளிப்பையும் சங்குக் குளிப்பையும் கடல் உயிர்களையும் பற்றி எழுதினார். நல்ல வேலை, குறை சொல்வதற்கில்லை. சிப்பியைப் பார்த்த அதே கண்ணால் மனிதனையும் பார்த்தாரே, அங்கேதான் வந்தது வினை!

மண்டையின் நீளம், மூக்கின் அகலம், ஆளின் உயரம், அத்தனையும் அளந்தார். மூக்கு அகன்றால் சாதி தாழ்வு, ஒடுங்கினால் உயர்வு என்று ரிஸ்லி என்ற அதிகாரி வடக்கே கோட்பாடு கட்டிய காலம் அது. மனு சுவடியால் செய்ததை, ரிஸ்லி கருவியால் செய்ய வந்தார்!

அளக்கப்பட்டவர்கள் என்ன நினைத்தார்கள்? தர்ஸ்டனே எழுதி வைத்திருக்கிறார். வயநாட்டுப் பணியர் பெண்கள், தங்களிலே நல்ல உடற்கட்டு உள்ளவர்களைப் பொறுக்கி, பஞ்சடைத்து, சென்னை அருங்காட்சியகத்திலே நிறுத்திவிடுவார் என்று நம்பினார்களாம். நீலகிரியிலே ஓர் இருளர், உயரம் அளக்கும் கம்பத்தைத் தூக்குமரம் என்று சொல்லி, அளவெடுக்கவே மறுத்துவிட்டாராம்.

துரைக்கு இது வேடிக்கை. நமக்குமா வேடிக்கை? விலங்குகளைப் பஞ்சடைத்து வைத்த மாளிகையிலிருந்து வந்தவர்தானே அவர்? கூட்டம் கூட்டமாக மக்களைப் பிறவிக் குற்றவாளிகள் என்று 1871-இலே வடக்கே சட்டம் செய்தது அவருடைய அரசுதானே? அந்தக் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் விரிந்து, சென்னை மாகாணத்தையும் வளைத்துக்கொண்டது. மலைமக்களின் அச்சத்தை அறியாமை என்று எப்படிச் சொல்வது?

1909-இல், ரங்காச்சாரியின் துணையோடு, தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். சடங்கு, தொழில், குலக்கதை என்று செய்திகள் குவிந்து கிடக்கின்றன. அவர் எழுதாமல் போயிருந்தால் பல மறைந்தே போயிருக்கும். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பழைய புத்தகந்தானே என்று தள்ளிவிடாதீர்கள், தோழர்களே! பழங்குடிச் சான்றிதழ் கேட்டு ஒரு குடும்பம் நீதிமன்றப் படி ஏறுகிறது. வழக்கறிஞரின் மேசையிலே, தாத்தாவின் பள்ளிச் சான்று, தாசில்தாரின் உத்தரவு, இவற்றோடு தர்ஸ்டனின் தொகுதியும் இன்றும் விரிக்கப்படுகிறது.