பச்சை உடம்புக்காரிக்குப் பந்து எதற்கு?

பிரசவத்துக்காகச் செல்லிப்பட்டு வந்திருக்கும் என் மகள் திடீரென்று, "அம்மா, காலேஜ் பெண்களுக்குப் பாஸ்கட்பால் சொல்லிக் கொடுக்க மறுபடி போகப் போறேன்" என்றாள். "பச்சை உடம்புக்காரிக்குப் பந்து எதற்குடி?" என்று அதட்டிவிட்டேன். குழந்தைக்கு அப்போது 40 நாள்தான்!

அவள் கோபப்படவில்லை. அனிதா பால்துரையைப் பற்றிச் சொன்னாள். சென்னைப் பெண். 19 வயதிலேயே இந்திய அணிக்குத் தலைவி. பிள்ளை பெற்ற பிறகும் விடாமல் ஆடினாராம்; 2017-ல் பெங்களூரில் ஆசியக் கோப்பை 'பி' பிரிவில் நம் பெண்கள் முதலிடம் பெற்றார்களாம். 2021-ல் பத்மஸ்ரீ. பிறகு பயிற்சியாளரும் ஆனார்.

டாக்டரம்மாவிடம் கேட்டோம். "நடக்கட்டும், ஓட்டம், குதிப்பெல்லாம் மூன்று மாதத்துக்குப் பிறகு, அதுவும் நான் பார்த்த பின்" என்றார். இப்போது தினமும் சாயங்காலம் தெருக்கோடி வரை நடக்கிறாள். பேரன் என் மடியில்.