ஒரே ஓர் எழுத்துதான் மாறியது!

"உங்கள் சம்சாரம் நன்றாக இருக்கிறது" என்று ஒரு மலையாளி சொன்னால் கோபப்படாதீர்கள். "நீங்கள் நன்றாகப் பேசுகிறீர்கள்" என்பதுதான் அதற்குப் பொருள்!

தமிழில் சம்சாரம் என்றால் மனைவி. மலையாளத்தில் பேச்சு. நமக்கு அவசரம் என்றால் விரைவு. அவர்களுக்கு வாய்ப்பு. நமக்கு வெள்ளம் ஊரை அழிப்பது. அவர்களுக்கு அது குடிக்கிற தண்ணீர். நாம் மாடு கட்டும் இடத்தைப் பட்டி என்கிறோம். அங்கே பட்டி என்றால் நாய்!

தூரத்து மொழி என்றால் அகராதியைப் பார்த்துக்கொள்ளலாம். பக்கத்து மொழி அப்படியல்ல. தெரிந்த சொல்தானே என்று நம்பிப் போனால் காலை வாரிவிடும்.

இந்த இரண்டு மொழிகளுக்கும் நடுவே நடந்து பழகியவர், திருவண்ணாமலையைச் சேர்ந்த கே.வி.ஜெயஸ்ரீ. 2019-ம் ஆண்டுக்கான மொழிபெயர்ப்புப் பரிசைச் சாகித்ய அகாடமி இவருக்கு வழங்கியது. 50 ஆயிரம் ரூபாயும் ஒரு செப்புப் பட்டயமும் கொண்டது அந்தப் பரிசு.

வீட்டில் மலையாளம், பள்ளியில் தமிழ்

ஜெயஸ்ரீக்குத் தாய்மொழி மலையாளம். பிழைப்புக்கு எடுத்துக்கொண்டதோ தமிழ். அரசுப் பள்ளியில் தமிழ் ஆசிரியையாகப் பணியாற்றியவர் அவர். அடுப்படியில் ஒரு மொழி. கரும்பலகையில் ஒரு மொழி.

சகோதரி கே.வி.ஷைலஜாவும் மொழிபெயர்ப்பாளரே. கவிஞரும் நடிகருமான பாலச்சந்திரன் சுள்ளிக்காட்டின் வாழ்க்கை நினைவுகளை 'சிதம்பர நினைவுகள்' என்று தமிழில் தந்தவர். நடிகர் மம்முட்டி எழுதிய கட்டுரைகளை 'மூன்றாம் பிறை' என்ற பெயரில் கொண்டுவந்தவரும் அவர்தான். ஷைலஜாவும் அவருடைய கணவர், எழுத்தாளர் பவா செல்லதுரையும் திருவண்ணாமலையில் நடத்தும் பதிப்பகம் 'வம்சி'. தீபத்துக்கும் கிரிவலத்துக்கும் மக்கள் வந்து குவியும் ஊரிலிருந்து, கேரளத்துக் கதைகள் புத்தகமாகி வெளியே போகின்றன.

சக்கரியாவின் சிறுகதைகளை ஜெயஸ்ரீ தமிழாக்கினார். ஷௌக்கத் எழுதிய இமயமலைப் பயண நூலையும் தமிழாக்கினார். ஆனால் அவருக்குப் பரிசைத் தேடித் தந்தது ஒரு நாவல். அது சாதாரண நாவல் அல்ல.

செண்டைக்காரர் எழுதிய கதை

அதை எழுதியவர் மனோஜ் குரூர். கவிஞர், கல்லூரிப் பேராசிரியராக இருந்தவர். கதகளிக்குச் செண்டை கொட்டும் குடும்பத்தில் பிறந்து, தாமும் செண்டை பழகியவர். விளக்கு வெளிச்சத்தில் விடிய விடிய நடக்கும் ஆட்டத்தையும் அதன் தாளத்தையும் பிள்ளைப் பருவம் முதல் அறிந்தவர்.

அவர் நாவலுக்கு எடுத்துக்கொண்ட மனிதர்களும் ஆட்டக்காரர்களே. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய பாணர்களும் கூத்தர்களும்! வயிற்றுப் பசி. கையில் யாழ். ஊரில் பிழைக்க வழியில்லை. கொடுக்கும் மனமுள்ள ஓர் அரசனைத் தேடி ஒரு கூட்டம் காட்டு வழியே புறப்படுகிறது. அதில் கொலும்பன் என்றொரு பாணன். அவனுடைய மகன் மயிலன், முன்பே வீட்டைவிட்டு ஓடிப்போனவன். அரசனைத் தேடிய பயணத்தோடு மகனைத் தேடிய பயணமும் சேர்ந்துகொள்கிறது. தந்தை ஒரு பகுதி, மகள் ஒரு பகுதி, மகன் ஒரு பகுதி என்று மூவரும் கதை சொல்கிறார்கள். வழியில் கபிலர் வருகிறார். பரணர் வருகிறார். ஔவை வருகிறார். ஏழில்மலை நன்னனும் வருகிறான்.

நன்னன் யார் தெரியுமா? ஆற்றில் மிதந்து வந்த அவனுடைய மாங்காயை ஒரு பெண் எடுத்துத் தின்றுவிட்டாள். அது அவனுடைய காவல் மரத்துக் காய். எண்பத்தொரு யானைகளும் அவள் எடைக்கு எடை பொன்னில் செய்த பாவையும் தருகிறோம் என்றார்கள் உறவினர்கள். அவன் கேட்கவில்லை. கொன்றே விட்டான்! 'பெண்கொலை புரிந்த நன்னன்' என்ற பழி குறுந்தொகையில் ஏறி, இன்றுவரை இறங்கவில்லை.

(செங்கத்துக்காரர்கள் கலங்க வேண்டாம். 'மலைபடுகடாம்' புகழும் செங்கம் நன்னன் வேறு. அவன் வள்ளல்.)

ஒரு சோதனை செய்து பாருங்கள்

இந்த நாவலில் மனோஜ் குரூர் தமக்குத் தாமே ஒரு வேலி போட்டுக்கொண்டார். வடமொழிச் சொற்களைத் தவிர்த்தே எழுதினார். அந்தக் காலத்துப் பாணன் தன் வாயால் கதை சொல்கிறான் அல்லவா? அவன் பேச்சில் பிற்காலத்துச் சொல் ஏன் வரவேண்டும்? வடசொல் நிறைந்த இன்றைய மலையாளத்தில் இது எளிதல்ல.

தமிழில் மட்டும் எளிதா? ஒரு சோதனை. சந்தோஷம், கஷ்டம், வருஷம், விஷயம் என்ற நாலு சொற்களை விட்டுவிட்டு, இன்று மாலை வீட்டில் நாலு வாக்கியம் பேசிப் பாருங்கள். 'வாக்கியம்' என்பதும் வடசொல்தான்!

ஜெயஸ்ரீயின் முன் இருந்த சிக்கல் இதுதான். மலையாளத்தில் இல்லாத வடசொல் தமிழில் நுழைந்தால், பாணன் பேச்சு கெட்டுவிடும். அதற்காக அகராதித் தமிழை அள்ளிக் கொட்டினால், மேடைப் பேச்சாகிவிடும். பசித்த மனிதன் மேடைப் பேச்சுப் பேசுவானா?

இன்னொன்றும் உண்டு. பரணரும் ஔவையும் கேரளத்து வாசகர் பலருக்குப் புதியவர்கள். தமிழ் வாசகருக்கு அப்படியல்ல. பள்ளிப் பிள்ளைகூட "இது புறநானூற்றில் வேறு மாதிரி அல்லவா இருக்கிறது?" என்று கேட்கும். மாமன் வீட்டு நகையை மாமனுக்கே திருப்பிக் கொடுப்பது போன்ற வேலை இது. ஒரு கல் குறைந்தாலும் தெரிந்துவிடும்.

இங்கேதான் தமிழ் ஆசிரியை என்ற தொழில் கைகொடுத்தது என்று சொல்லலாம். சங்கப் பாட்டு வராத தமிழ்ப் பாடநூல் ஏது? யாழுக்கும் முழவுக்கும் விறலிக்கும் அவர் புதிதாகப் பொருள் தேட வேண்டியதில்லை. தாய்மொழி மலையாளமாகவும் தொழில்மொழி தமிழாகவும் அமைந்த ஒருவர் கைக்கு இந்தப் புத்தகம் வந்து சேர்ந்தது நல்ல பொருத்தம்.

மலையாள நாவல் 2015-ல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே தமிழாக்கத்தை வம்சி வெளியிட்டது. புதிதாகப் படிக்கத் தொடங்கியவர்களுக்கு முதல் சில பக்கங்கள் சற்று மெதுவாக நகரலாம். பழைய சொற்கள் பழகும் வரைதான் அது. பழகிவிட்டால் கொலும்பனின் பின்னாலேயே நடந்துவிடலாம்.

செய்யாற்றங்கரைக் கூத்தர்கள்

பொருத்தம் ஊரிலும் இருக்கிறது. திருவண்ணாமலைக்கு மேற்கே, பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடியது செங்கம். அந்த வள்ளல் நன்னனைத் தேடிக் கூத்தர்கள் போகும் வழியைச் சொல்வதே 'மலைபடுகடாம்'. 583 அடிகள். அதற்குக் 'கூத்தராற்றுப்படை' என்றே மற்றொரு பெயர் உண்டு. முழவு, ஆகுளி, குழல், கொம்பு ஆகியவற்றைப் பைகளில் கட்டி, பலா மரத்தில் காய் தொங்குவதுபோல் தோளில் சுமந்துகொண்டு கூத்தர்கள் நடக்கிறார்கள். எந்த வழியில் போகலாம், எங்கே வழுக்கும், எந்தக் குடியிருப்பில் சோறு கிடைக்கும் என்றெல்லாம் புலவர் சொல்கிறார். செய்யாறும் அந்தப் பாட்டில் ஓடுகிறது.

அதே செய்யாற்றுப் பக்கம், இதே மாவட்டத்தில் உள்ள புரிசை கிராமம் தெருக்கூத்துக்குப் பெயர் பெற்றது. அரிதாரம் பூசி, கட்டை கட்டி ஆடும் கலைஞர்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக உண்டு. கூத்தாடிகள் என்று ஊர் அவர்களைக் கேலி பேசிய காலமும் உண்டு. கொலும்பனுடைய பசியைத் திருவண்ணாமலைச் சீமைக்காரர்களுக்கு விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

நாவலின் பெயரைச் சொல்லவில்லையே? மலையாளத்தில் 'நிலம் பூத்து மலர்ந்ந நாள்'. நம் மஞ்சள் அங்கே மஞ்ஞள். நம் கஞ்சி அங்கே கஞ்ஞி. அதுபோல நம் 'மலர்ந்த' அங்கே 'மலர்ந்ந'.

தமிழ்ப் புத்தகத்தின் அட்டையில் 'நிலம் பூத்து மலர்ந்த நாள்' என்று இருக்கிறது. அட்டையில் ஜெயஸ்ரீ மாற்ற வேண்டியிருந்தது அந்த ஒரே ஓர் எழுத்தைத்தான். உள்ளே இருந்த வேலைதான் பெரிது.